ஒரு நல்ல எதிரி தேவை

கல்லூரி தரும் பதக்கத்தின் மேல் பேராசிரியைக்கு ஆசை இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன். பெரிய மனிதர்களில் முக்கால்வாசிப் பேர் "எனக்கு எதுக்குங்க இதெல்லாம்" என்று கையை ஆட்டிக்கொண்டே கழுத்தை நீட்டுவார்கள். அவள் அந்த ரகம் இல்லை. வேண்டும் என்றால் வேண்டும். பதக்கத்தோடு கருஞ்சிவப்பில் ஒரு அங்கியும் போர்த்துவார்கள். கைப்பகுதி இரண்டும் தொளதொளவென்று முழங்காலுக்குக் கீழே தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு எப்படிக் கம்பீரமாகத் திரும்புவது என்று வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் போர்வையை வைத்து ஒத்திகைகூடப் பார்த்துவிட்டாள். போர்வை காலில் மாட்டி ஒரு தடவை விழுந்தாள். அதனால் என்ன, எழுந்து மறுபடியும் திரும்பினாள்.

ஆசைப்பட அவளுக்கு நியாயமும் இருந்தது. இந்த இறையியல் கல்லூரியில் பாடம் சொல்ல அவள் வந்து சேர்ந்தபோது பெண்களுக்கென்று அங்கே ஒரு கழிப்பறைகூடக் கிடையாது. கடவுளைத் தேடி வந்தவளுக்குக் கழிப்பறையைத் தேடுவதே பெரும்பாடாகப் போயிற்று. கடவுளைப் பற்றிப் பேச ஒரு பொம்பளைக்கு என்ன தெரியும் என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. முதுகுக்குப் பின்னால் கேட்டவர்கள் அதிகம். அத்தனை பேரையும் சமாளித்துக்கொண்டு, பெண்ணிய இறையியல் என்று ஒரு பாடத்தையே அந்தக் கட்டடத்துக்குள் நட்டு, தண்ணீர் ஊற்றி, ஆடு மாடு மேயாமல் முப்பது வருடம் காத்து வந்தாள்.

அவளுடைய பெரிய புத்தகம் ஒரு கேள்வியில் ஆரம்பிக்கும். விருந்து என்று எங்கே எழுதினாலும் கடவுளைக் கொண்டுபோய் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறார்களே, ஏன்? கடவுள் அடுப்படியில் நிற்கிறாள் என்றால் யாருக்கு என்ன நஷ்டம்? அதிலும் ஏழாம் அத்தியாயம் பிரசித்தம். கடவுள் சமைத்துக்கொண்டே தனக்குள் ஒரு பாட்டை முணுமுணுக்கிறாள்; மகிழ்ச்சி உள்ளே தங்காமல் வெளியே வழிகிறது; அந்த முணுமுணுப்புக்குப் பெயர்தான் படைப்பு. வகுப்பில் அவள் இதை வாசித்தால் மாணவிகள் மூக்கை உறிஞ்சுவார்கள். பதக்கமே அந்த அத்தியாயத்துக்குத்தான் என்று பேச்சு.

முணுமுணுப்பை எங்கிருந்து பிடித்தாள் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அவளுக்குச் சமைக்க வராது. கல்யாணம் என்ற பக்கமே தலைவைத்துப் படுக்காதவள். சாயங்காலமானால் அடுத்த தெருவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். முன்னறையில் உட்கார்ந்தால் சமையலறையிலிருந்து அக்கா முணுமுணுப்பது கேட்கும். ராகமும் கிடையாது, வார்த்தையும் கிடையாது, ம்ம்ம் என்று ஒரே இழுப்பு. அதைக் கேட்டுத்தான் ஒருநாள் அவளுக்கு ஏழாம் அத்தியாயம் உதித்தது.

இனி அந்தக் கல்லூரியின் கிறுக்குத்தனத்துக்கு வருவோம். அதை ஆரம்பித்த மனிதர் ஒரு விசித்திரப் பிறவி. நண்பன் புகழ்ந்தால் அது ஓசியில் வந்தது, எதிரி புகழ்ந்தால்தான் அதற்கு எடை என்பது அவர் கொள்கை. அதனால் யாருக்குப் பதக்கம் கொடுத்தாலும், அவரை எதிர்த்து அதிகமாக எழுதியவர் எவரோ அவரேதான் மேடையேறிப் பாராட்டை வாசிக்க வேண்டும். அவருக்கு மறுப்பாளர் என்று பெயர். மேசைமேல் கையை வைத்து, "நான் இவரோடு உடன்படவில்லை" என்று முதலில் சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். பிறகு "ஆனாலும்" என்று ஆரம்பித்துப் பாராட்டுக்குப் போகலாம். மறுப்பு இல்லையென்றால் பாராட்டு இல்லை, பாராட்டு இல்லையென்றால் பதக்கம் இல்லை. எத்தனையோ பேர் அந்த மேடையில் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த "ஆனாலும்" சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மயங்கியே விழுந்துவிட்டார்.

நம் பேராசிரியைக்கு மறுப்பாளர் பஞ்சமே இல்லை. வீட்டிலேயே ஒருவர் இருந்தார். அக்காவின் கணவர், அவளுடைய அத்தான். அதே கல்லூரியில் கோட்பாட்டுத் துறையில் இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். அவள் எதை எழுதினாலும் கல்லூரியின் காலாண்டிதழுடைய அடுத்த இதழிலேயே ஒரு மறுப்பு வந்துவிடும். அங்கே விட்டதைச் சாயங்காலம் முன்னறையில் தொடர்வார்கள். மேசையைத் தட்டுவார்கள், கண்ணாடியைக் கழற்றுவார்கள், மாட்டுவார்கள். சமையலறையில் அக்கா முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். பிறகு எல்லோரும் சாப்பிடுவார்கள்.

இப்படிப் பாறை மாதிரி ஓர் எதிரி இருக்கும்போது கவலை என்ன என்று அவள் நிம்மதியாகப் போர்வையைப் போர்த்தித் திரும்பிக்கொண்டிருந்தாள்.

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பதிவாளர் அவள் அறைக் கதவைத் தட்டினார். விதிகளைச் சொல்வதற்கு முன்னால் ஒரு இருமல் இருமுவது அவர் வழக்கம். அன்றைக்கு உள்ளே வரும்போதே இருமினார்.

"மேடம், ஒரு சின்னச் சிக்கல்."

"அங்கி அளவு சரியில்லையா?"

"அங்கி எல்லாம் ரெடி. உங்க எதிரிதான் ரெடியா இல்ல."

"ஏன், உடம்பு சரியில்லையா அவருக்கு?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் மாறிடுச்சாம். காலையில போன் பண்ணார். நீங்க எழுதினதெல்லாம் சரின்னு சொல்றார்."

எந்த வாக்கியத்துக்காக முப்பது வருடம் தொண்டை வறளப் பேசினாளோ, அந்த வாக்கியம். கேட்டவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவளோ எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"எல்லாமேவா?"

"நானும் ரெண்டு தடவை கேட்டுட்டேன் மேடம். முதல் கட்டுரையில இருந்தே சரியாம்."

"ஒரு வரிதானே சார். உடன்படலைன்னு சும்மா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க."

பதிவாளர் இருமினார். "உங்க அத்தானையா?"

தன் கல்யாண விருந்திலேயே மைக்கைப் பிடித்து "உப்பு கம்மி" என்று சொன்ன மனிதர் அவர். கல்லூரியின் புது முதல்வர் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, "காதுலயும் பூசிட்டாங்க" என்று சொன்னவர். அவர் வாயில் பொய் வராது. வந்தாலும் பாதி வழியில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

மனம் எப்படி மாறியது? அதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு. சமையலறை அத்தான் தலையில் விழுந்தது. அதே சமயம் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு வழக்கமான மறுப்பையும் அவர் எழுத வேண்டியிருந்தது. உட்கார்ந்து படிக்க நேரம் ஏது? புத்தகத்தைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, கரண்டியால் கிண்டிக்கொண்டே படித்தார். சாய்வு நாற்காலியில் இருந்தபோது அபத்தமாகப் பட்டதெல்லாம் அடுப்புக்கு முன்னால் நின்றபோது வரிக்கு வரி நியாயமாகப் பட்டது. இதெல்லாம் நடந்தபோது பேராசிரியை எங்கே போனாள் என்று கேட்பீர்கள். அத்தான் சமையலை ஒருநாள் சாப்பிட்டுப் பார்த்தாள். மறுநாளிலிருந்து கல்லூரி கேன்டீன்தான். அக்காவிடம் போனில் "கை எப்படி இருக்கு" என்று கேட்பதோடு சரி.

"வேற யாராவது மறுப்பாளர் கிடைச்சா விதி இடம் கொடுக்குமா?" என்று பதிவாளரிடம் கேட்டாள் பேராசிரியை.

"முதல் மறுப்பாளர் விலகிட்டா, தாராளமா. உங்க புத்தகத்தைப் படிச்சு, அதை மறுத்து நாலு வரி எழுதிக் கொடுக்கட்டும், போதும்," என்றார் பதிவாளர்.

அவ்வளவுதானே என்று ஆசிரியர் அறைக்குக் கிளம்பினாள். தன்னைப் பிடிக்காதவர்கள் அங்கே நாற்காலிக்கு ஒருவர் உண்டு என்பது அவள் கணக்கு.

வரலாற்றுப் பேராசிரியர் எழுந்து கைகொடுத்தார். "அருமையான புத்தகம் மேடம். எனக்கு அதில மறுக்க ஒண்ணுமே இல்ல."

"எந்த அத்தியாயம் உங்களுக்குப் பிடிச்சது?"

அவர் கூரையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். "பொதுவா, எல்லாமே," என்றார்.

ஒழுக்கவியல் ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். "உங்க புத்தகம் எப்பவும் என் தலைமாட்டுலயே இருக்கு." இருந்தது உண்மைதான். அதன்மேல்தான் மூக்குக்கண்ணாடியையும் தண்ணீர்க் குவளையையும் வைப்பதாக அவரே வாய்தவறிச் சொல்லிவிட்டார். மொழித்துறைக்காரர் நல்ல மனிதர். உதவ வேண்டும் என்று உண்மையிலேயே துடித்தார். "நான் எதிர்க்கிறேன் மேடம். புத்தகம் எதைப் பத்தின்னு மட்டும் ஒரு பாராவுல சொல்லிடுங்க, பிச்சு உதறிடறேன்."

முன்பெல்லாம் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பியவர்கள்கூட இப்போது பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். படிக்காமல் திட்டியவர்கள் படிக்காமல் பாராட்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் நின்றபோது அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருடத்தில் தன்னை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒழுங்காகப் படித்தவர் ஒரே ஒருவர். அவர் எதிரி. இப்போது அந்த ஒருவரும் கட்சி மாறிவிட்டார். பதக்கம் கையைவிட்டுப் போகிறது என்பதைவிட இது அதிகமாக வலித்தது. ஆனால் பதக்கம் போவதும் வலிக்கத்தான் செய்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். வழியிலேயே முடிவு செய்துவிட்டாள். அத்தானை மறுபடியும் பழைய அத்தானாக மாற்ற வேண்டும்.

முன்னறையில் அக்கா மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். சமையலறை வாசலில் அத்தான் இடுப்பில் துண்டோடு உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். சீவிய பிறகு கிழங்கு கோலிக்குண்டு அளவுக்குத்தான் மிஞ்சியது.

"வா சின்னு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்றாள் அக்கா. கல்லூரிக்குத்தான் பேராசிரியை, இந்த வீட்டில் அவள் சின்னு.

"அப்புறம் பேசலாம்க்கா. ஒரு காபி கொடேன், தலை வலிக்குது."

அக்கா மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். சின்னு நாக்கைக் கடித்துக்கொண்டு அத்தான் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், நீங்க இப்படிக் காலை வாரலாமா? கடவுள் ஒரு வீட்டுத் தலைவர் மாதிரின்னு நீங்கதானே எழுதினீங்க. தலைவர் போய் அடுப்படியில நிக்கலாமா?"

"எழுதினேன்மா. அப்ப எனக்கு உப்பு எங்க இருக்குன்னு தெரியாது."

"ஒரு ஒழுங்கு வேணாமா? ஒருத்தர் உக்காரணும், ஒருத்தர் பரிமாறணும். அதுதான் உலகம்."

"உக்கார்றவர் மட்டும் ஏன் எப்பவும் ஒருத்தராவே இருக்கார்? உன்னோட மூணாம் அத்தியாயத்துல அதைத்தானே கேட்டிருக்க. நீ எழுதினதை நீயே மறந்துட்டியா?"

"மூணாம் அத்தியாயம் சுத்த உளறல் அத்தான்."

"அப்படிச் சொல்லாத," என்றார் அத்தான், முகம் சிவந்து. "அது ரொம்ப நுணுக்கமான அத்தியாயம். உனக்குச் சரியாப் புரியல."

சின்னு விடவில்லை. அத்தான் இருபது வருடத்துக்கு முன்னால் எழுதிய வாதங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்து அவர் மேலேயே வீசினாள். அவரோ அவள் எழுதியதையே எடுத்துத் தடுத்தார். அவளுக்கே தோன்றாத ஒரு காரணத்தைச் சொல்லி அவளுடைய ஐந்தாம் அத்தியாயத்தைக் காப்பாற்றியும் கொடுத்தார். சத்தம் ஏறிக்கொண்டே போனது. மேசை தட்டப்பட்டது. உட்கார்ந்த இடத்தில் அக்கா மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தாள். பாவம், இந்த வலியிலும் பாடுகிறாளே என்று சின்னுவுக்கு நெஞ்சு இளகியது. இளகிய நெஞ்சோடு மறுபடியும் மேசையைத் தட்டினாள்.

"முடிவாச் சொல்றேன் அத்தான். பொம்பளைங்க சபையில வாயைத் திறக்கவே கூடாது."

வாசலில் ஒரு இருமல் கேட்டது. பதிவாளர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். "மன்னிக்கணும். தப்பான வீட்டுக்கு வந்துட்டேனோ?"

அதே நேரத்தில் உள்ளே பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அத்தான் ஓடினார்.

பதிவாளர் சொல்ல வந்தது இதுதான். அழைப்பிதழ்கள் போய்விட்டன, நாற்காலிகள் வந்துவிட்டன, விழாவை நிறுத்த முடியாது. பட்டியலில் இருக்கும் மறுப்பாளர் அத்தான்தான். அவரே மேடையேற வேண்டும். அங்கே அவர் மறுக்க ஒன்றும் இல்லை என்றால் பதக்கமும் அங்கியும் இரும்பு அலமாரிக்கே திரும்பிவிடும். அத்தனை பேருக்கு முன்னால்.

"ஒரு சின்ன மறுப்பு போதும் அத்தான். கால்புள்ளி தப்பா இருக்குன்னு சொன்னாக்கூடப் போதும்," என்றாள் சின்னு.

அத்தான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "கால்புள்ளியெல்லாம் சரியா இருக்கு. ஏழாம் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு தடவை பாக்கறேன். அதைப் படிக்கறப்பல்லாம் ஏதாவது தீஞ்சுபோகுது, முழுசா மனசுல நிக்கல," என்றார். "ஆனா ஒண்ணு. இல்லாததை இருக்குன்னு சொல்ல மாட்டேன்."

அந்த இரண்டு வாரமும் அவள் போர்வையைத் தொடவில்லை.

விழா நாளில் கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் வரலாறும் ஒழுக்கவியலும் மொழித்துறையும் இஸ்திரி போட்ட சட்டைகளோடு உட்கார்ந்திருந்தன. இரண்டாவது வரிசை ஓரத்தில் அக்கா, கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் மாவுக்கட்டுக் கையோடு. மேடையில் ஒரு தட்டில் பதக்கம். பக்கத்து நாற்காலியில் மடித்து வைத்த அங்கி. சின்னு அதை ஓரக்கண்ணால் பார்ப்பதும் உடனே சுவரைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

அத்தானை அழைத்தார்கள். விரலில் தீக்காயத்துக்குப் போட்ட பிளாஸ்திரியோடு வந்தார். மேசைமேல் கையை வைத்தார். கூட்டத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பதிவாளர் இருமலைத் தொண்டைக்குள்ளேயே அடக்கிக்கொண்டார். சின்னு மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டாள், அடுப்படியில் இருந்தாலும் சரி, எங்கே இருந்தாலும் சரி என்று.

"நான் இவரோடு உடன்படவில்லை," என்றார் அத்தான்.

சின்னுவுக்கு உயிர் திரும்பி வந்தது. எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இந்த மேடையில் தன்னை மறுத்ததற்காக இத்தனை சந்தோஷப்பட்ட ஆள் இதுவரை இருந்திருக்க மாட்டார்.

"ஆறு அத்தியாயம் வரைக்கும் எனக்கு எந்தத் தகராறும் இல்ல," என்று அத்தான் தொடர்ந்தார். எழுதி வைத்துக்கொண்டு வரவில்லை, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினார். "கடவுள் அடுப்படியில நிக்கறாங்கன்னா நிக்கட்டும். ஏழாவதுலதான் இடிக்குது. சந்தோஷம் தாங்காம முணுமுணுக்கறாங்கன்னு எழுதியிருக்கு. நானும் அடுப்பு முன்னால நின்னு முணுமுணுத்துப் பார்த்தேன். சந்தோஷம் வரல. முழங்கால்ல வலி வந்தது. கிழங்கு தீஞ்சது. சரி, எனக்குத்தான் பக்தி பத்தலன்னு நினைச்சு மறுநாளும் முணுமுணுத்தேன். அன்னைக்கு முட்டை தீஞ்சது."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அத்தான் சிரிக்கவில்லை.

"அப்புறம்தான் யோசிச்சேன். இதை எழுதினவங்க அடுப்படியில நின்னதே இல்ல. இதை மறுத்துக்கிட்டிருந்த நானும் நின்னதில்ல. முப்பது வருஷமா ரெண்டு பேரும் முன்னறையில உக்காந்துக்கிட்டு அடுப்படியைப் பத்திச் சண்டை போட்டிருக்கோம். அங்க நின்ன ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. இன்னைக்குக் காலையில கைக்குத் தொட்டில் கட்டிவிடறப்ப கேட்டேன். பதில் வந்தது. அதை நான் சொல்றதைவிட அவங்களே சொல்லட்டும்."

எல்லாத் தலையும் இரண்டாவது வரிசைப் பக்கம் திரும்பியது. பதிவாளர் இந்தத் தடவை தாராளமாக இருமினார். "பார்வையாளர்கள் பேசறதுக்கு விதியில இடம்..." என்று ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை மென்று விழுங்கினார்.

"நான் உக்காந்தே சொல்றேன். கால் வலிக்குது," என்றாள் அக்கா. குரல் கூடத்தின் கடைசி வரைக்கும் போனது. "அது பாட்டெல்லாம் இல்ல. இவங்க ரெண்டு பேரும் பேசறது காதுல விழக் கூடாதுன்னுதான் அப்படிச் செய்யறது. அவங்க சத்தம் ஏறினா நானும் ஏத்திக்குவேன். அவ்வளவுதான்."

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. வரலாற்றுப் பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசை மாணவிகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஏழாம் அத்தியாயத்துக்கு மூக்கை உறிஞ்சியவர்கள்தான் அவர்களும்.

சின்னு சிரிக்கவில்லை. காதுவரை சூடேறியிருந்தது. அவளுக்கு அந்த முணுமுணுப்பு ஒவ்வொரு நாளாக நினைவுக்கு வந்தது. பெண்ணின் குரலை யாரும் கேட்பதில்லை என்று அவள் மேசையைத் தட்டிய நாள். அடுப்படியில் நிற்பவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை என்று கத்திய நாள். அப்போதெல்லாம் உள்ளே அது கொஞ்சம் பலமாகக் கேட்டது. அவள் புளகாங்கிதம் அடைந்து குறிப்பெடுத்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஆகவே," என்றார் அத்தான், பழைய வகுப்பறைக் குரலுக்குத் திரும்பி, "கடவுள் அடுப்படியில் முணுமுணுக்கிறாள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொல்லப்பட்ட காரணத்தை மறுக்கிறேன். இறையியலாளர்கள் பேசுவது காதில் விழக் கூடாது என்பதற்காகவே அவள் முணுமுணுக்கிறாள். ஆனாலும்..."

அந்த "ஆனாலும்" சொல்லும்போது அவர் பல்லைக் கடிக்கவில்லை. மனதாரச் சொன்னார். இந்தப் பெண் எழுதாமல் இருந்திருந்தால் தனக்குச் சாகும்வரை உப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது என்றும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்றே தெரிந்திருக்காது என்றும் சொன்னார். பதக்கம் கழுத்தில் ஏறியது. அங்கி தோளில் விழுந்தது. ஒத்திகை பார்த்த மாதிரியே கம்பீரமாகத் திரும்பினாள். ஒத்திகை பார்த்த மாதிரியே காலில் மாட்டியது. மேசையைப் பிடித்துச் சமாளித்தாள். பக்கம் பக்கமாகத் தயார் செய்திருந்த ஏற்புரையை மடித்து வைத்துவிட்டு, "ஏழாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதணும். நன்றி," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு முடிந்தது. அத்தான் செய்த முட்டை அன்றைக்குத் தீயவில்லை, வேகவும் இல்லை. பாத்திரம் கழுவுகிறேன் என்று சின்னுவே முன்வந்தாள். அங்கியை மட்டும் கழற்ற மனம் வரவில்லை. அதன் சிவப்புக் கைகள் இரண்டும் தண்ணீர்த் தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருக்க, அவள் தேய்த்துக் கொடுத்தாள், அத்தான் துடைத்து அடுக்கினார். அக்கா முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் நல்லபடியாகத்தான் போனது.

"இருந்தாலும் அத்தான், சபையில வெச்சு அப்படி மானத்தை வாங்கியிருக்க வேணாம்."

"மறுப்பு வேணும்னு அழுதது யாரு?"

"கேட்டேன். அதுக்காக முழு அத்தியாயத்தையும் கவுக்கணுமா? முணுமுணுப்பு ஒரு குறியீடு. அதோட காரணம் என்னவா இருந்தா என்ன?"

"காரணம்தானே அத்தியாயமே. நீ சொல்றது முறையே இல்ல."

"முறையைப் பத்தி நீங்க பேசாதீங்க. அறுபது வயசுல உப்பைக் கண்டுபிடிச்சவர்..."

கையில் இருந்த கரண்டியால் சின்னு தொட்டியின் விளிம்பைத் தட்டினாள். அத்தான் துண்டை உதறினார். சத்தம் ஏறியது.

முன்னறையிலிருந்து மெதுவாகக் கேட்டது. ம்ம்ம்.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சின்னு கையை நீட்டிக் குழாயை மூடினாள். கொஞ்சம் கழித்து முன்னறையில் முணுமுணுப்பும் நின்றது. முப்பது வருடத்தில் அந்த வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"என்ன, நிறுத்திட்டீங்க?" என்றது அக்காவின் குரல். "ரெண்டு பேரும் இங்க வந்து உக்காருங்க. ஒவ்வொருத்தரா, மெதுவா, முதல்ல இருந்து சொல்லுங்க. எனக்கு மறுக்க வேண்டியது நிறைய இருக்கு."